பூச்சி மாத்திரை என்று நினைத்துப் போட்ட கையெழுத்து

திருவண்ணாமலை,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் முபினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்கா நசீமாவும் பிள்ளைகள் ஃபைசானும் நூரைனும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே ஆம்பூரில் நீயும் சதஃபும் குழந்தையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். உன் முட்டி வலி தேவலையா? நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை. உன் அக்கா நலம், பிள்ளைகள் நலம். என் விஷயம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையில் போனை வைத்துக்கொண்டு மனுஷன் கடிதம் எழுதுகிறானே என்று நீ சிரிப்பாய். போன் என் கையில் இருக்கிறதே தவிர அது என்னுடையது இல்லை. அதில் ஒரு நாளைக்கு அறுபது எழுபது ஓ.டி.பி. வருகிறது. நீ போன வாரம் அனுப்பிய குழந்தை போட்டோவை நான் மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். விடிகாலையில் அது தலையணைக்குக் கீழே உறுமும்போதெல்லாம் நசீமா எழுந்து உட்கார்ந்து, "யாருங்க அது, பஜர் தொழுகைக்கு முன்னாடி உங்களுக்கு மெசேஜ் போடறது?" என்று கேட்கிறாள். எடுத்துக் காட்டினால் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கிறது. "இதுக்கு அர்த்தம் இன்னா?" என்கிறாள். அர்த்தம் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கப் போகிறேன்?

முதலிலிருந்து சொல்கிறேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கும் எங்கள் பள்ளியில் நான் இருபத்தாறு வருஷமாக பி.டி. மாஸ்டர். விளையாட்டு சொல்லிக்கொடுப்பது போக, பிள்ளைகளுக்கு பூச்சி மாத்திரை கொடுப்பது, பெண் பிள்ளைகளுக்கு வாரா வாரம் சத்து மாத்திரை கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். ஜூன் மாதம் ஒருநாள் எங்கள் ஹெச்.எம். கன்னியம்மாள் மேடம் வராண்டாவில் என்னை நிறுத்தி, "பாஷா சார், பத்தாவதுக்கு நாப்பது டேப்லெட் வருதாம். உங்க ரூம்ல வெச்சிக்கிறீங்களா?" என்றார்.

"வெச்சிக்கலாம் மேடம். சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான் சார். ரெண்டு மணிக்கு மேல."

"தண்ணியோட குடுத்துடலாம்ல?"

"ஐயையோ! தண்ணி பக்கத்துலயே போவக் கூடாதாம் சார், அதை மட்டும் ஜாக்கிரதையா பாத்துக்குங்க."

தண்ணீர் இல்லாமல் விழுங்கும் புது மாத்திரை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் நீட்டிய தாளில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மணிக்கு வேன் வந்தது. சென்னையில் இருக்கும் ஒரு அறக்கட்டளை எங்கள் பிள்ளைகளுக்காக அனுப்பிய நாற்பது டேப்லெட். விழுங்குகிறது இல்லை மச்சான், கையில் பிடித்துக்கொண்டு பாடம் பார்க்கிறது. பள்ளியிலேயே இரும்பு கேட் போட்ட அறை என் விளையாட்டு அறை ஒன்றுதான் என்பதால் அத்தனையும் அங்கே வந்து இறங்கின. வாலிபால்கள் வராண்டாவுக்குப் போயின. கேரம் போர்டு ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு மேஜை ஆகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு உட்காரவும் நேரமில்லை, நிற்கவும் நேரமில்லை. என் அறையில் பிளக் பாயிண்ட் இரண்டு. நாற்பதுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். முதல் நாள் எக்ஸ்டென்ஷன் வயரில் எக்ஸ்டென்ஷன் வயரைச் சொருகி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டினேன். பியூஸ் போனது. அத்தோடு ஹெச்.எம். அறை ஃபேன், ஆபீஸ் கம்ப்யூட்டர், பள்ளி மணி எல்லாம் போனது. மணி அடிக்காததால் நாலாவது பீரியட் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. கணக்கு மாஸ்டர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பிறகு ஓட்டப் பந்தயத்துக்கு ஹீட்ஸ் பிரிப்பதுபோல எட்டு எட்டாகப் பிரித்தேன். முதல் ஹீட் காலை எட்டுக்கு, இரண்டாவது ஹீட் ஒன்பதரைக்கு. நான் மைதானத்தில் கோ-கோ ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டு ஓடிவந்து ஒரு ஹீட்டை மாற்றுவேன், மறுபடி ஓடிப்போய் யார் அவுட் என்று கேட்பேன். பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே அவுட் சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். நான் பார்த்துச் சொன்னதைவிட அது சரியாகவே இருக்கிறது என்பது வேறு வருத்தம்.

அறக்கட்டளையிலிருந்து வந்த ஆள் "பொறுப்பாளர் போன் நம்பர்?" என்று கேட்டார். பெருமையாகக் கொடுத்தேன். நாற்பதுக்கும் என் நம்பரையே போட்டுவிட்டுப் போய்விட்டார். அதுதான் அந்த ஓ.டி.பி. மழை. கூடவே என் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் நான் ஒன்றை அழுத்தினால் நாற்பதும் அதைச் செய்யும். பாடத்தை இறக்கு என்றால் நாற்பதும் இறக்கும், தூங்கு என்றால் நாற்பதும் தூங்கும். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் 'ரைட் டர்ன்' என்று சொல்லி நாற்பது பேர் ஒரே பக்கம் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

அந்த ஆசைதான் என்னைக் கவிழ்த்தது. பாடம் தமிழில் இருந்தாலும் மேலே இருக்கும் பட்டன் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. எல்லாவற்றையும் தமிழாக்கிவிடலாம் என்று மொழிப் பட்டியலைத் திறந்து தள்ளிக்கொண்டே போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஓ.டி.பி. வந்து போன் உதறியது, என் கட்டைவிரல் எங்கேயோ பட்டது. அடுத்த நிமிஷம் பத்தாம் வகுப்பிலிருந்து ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் நாற்பது டேப்லெட்டிலும் ஏதோ ஒரு பாஷை. எழுத்து ஆங்கில எழுத்துதான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ரயில் மாதிரி நீளம், எழுத்துகளின் தலைமேல் இரண்டிரண்டு புள்ளி. என் போனிலும் அந்தப் பக்கம் அப்படியே மாறிவிட்டது. எந்தப் பட்டன் திரும்பி வரும் வழி என்று தெரியவில்லை. எதையாவது அழுத்தி எல்லாம் அழிந்துவிட்டால்?

ஊர் திருவண்ணாமலை ஆயிற்றே, எந்த பாஷையாக இருந்தாலும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் செங்கம் ரோட்டில் ஒரு ஆள் கிடைக்காமலா போவார் என்று ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ரமணாசிரமம் பக்கம் சைக்கிளை விட்டேன். ஒவ்வொரு காபி கடையாக நுழைந்து காட்டினேன். ஜெர்மன்காரர் இது ஜெர்மன் இல்லை என்றார். ஸ்வீடன்காரர் எங்களுடையது இல்லை, பக்கத்து நாட்டுடையது என்றார். கடைசியில் ஒரு கடைக்காரர், "ஃபின்லாந்து அம்மா ஒருத்தங்க மாடில தங்கியிருக்காங்க, ஆனா அவங்க மௌனம் பாய், நாப்பது நாளா பேசல" என்றார். மேலே போனேன். அறுபது வயது இருக்கும். டேப்லெட்டைப் பார்த்ததும் அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. சொந்த ஊர் எழுத்து அல்லவா? என்னைப் பார்த்து நாக்கை நீட்டி, அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

நான், "தெரியுங்க மேடம், நீங்க பேச மாட்டீங்க" என்றேன்.

தலையை ஆட்டி மறுத்து மறுபடி நாக்கை நீட்டினார். தாகம் போலிருக்கிறது என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு இன்னும் நன்றாக நாக்கை நீட்டினார். வாய்ப்புண்ணோ என்று நான் குனிந்து பார்க்க, அந்த நேரம் பார்த்து கடைக்காரர் காபியோடு மேலே வந்துவிட்டார். என் மானம் அங்கேயே போனது. பிறகு அந்த அம்மா ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். அவர்கள் பாஷையில் 'கியெலி' என்றால் நாக்கு, மொழிக்கும் அதே சொல்தான். அந்தச் சொல் எந்தப் பட்டனில் இருக்கிறதோ அதுதான் மொழியை மாற்றும் இடம். தொட்டார், வரிசையாகத் தள்ளினார், 'தமிழ்' என்று வந்தது. நான் என்னை மறந்து கைதட்டினேன். அவர் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தத் தாளைப் பார்த்து என் போனிலும் 'கியெலி'யைத் தேடி அழுத்தினேன், நாற்பதும் தமிழுக்குத் திரும்பின.

(இன்று சனிக்கிழமையும் பள்ளி உண்டு, மணி அடித்துவிட்டது. ஆறாம் வகுப்பை வரிசையில் நிறுத்திவிட்டு வருகிறேன்.)

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? சரி, இனிமேல்தான் விஷயமே. எங்கள் பள்ளியில் பௌர்ணமி என்றால் பத்தாம் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் வர மாட்டார்கள். கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா பாதை ஓரம் ஜூஸ், சுண்டல், கற்பூரம் விற்பவர்கள். மாதத்தில் அந்த இரண்டு நாள் வியாபாரத்தில்தான் மீதி மாதம் ஓடும், வீட்டில் எல்லோரும் கடையில் நிற்க வேண்டும். நாங்கள் ஆஜர் புத்தகத்தில் சுழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். மதிவதனி என்று ஒரு பெண், நன்றாக ஓடுவாள், நன்றாகப் படிப்பாள். ஜூலையில் நடந்த முதல் இடைத்தேர்வில் அறிவியலில் தோற்றுவிட்டாள். தோற்றது முழுக்க அந்த இரண்டு இரண்டு நாளில் நடந்த பாடங்களில். ஒருநாள் என் அறை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், பௌர்ணமிக்கு நாங்க வர மாட்டோம்னு உங்களுக்கே தெரியும். அந்த ரெண்டு நாளும் எங்க டேப்லெட்டு உள்ள சும்மாதான் கெடக்குது. எங்களாண்ட குடுத்தா கடைல உக்காந்து படிப்போம்ல?"

"கேட்டுக்கு வெளிய போவக் கூடாதுனு ரூல்மா."

"உள்ள வெச்சிப் பூட்டிக்கினா அது யாருக்கு சார் பாடம் சொல்லும்? உங்க வாலிபாலுக்கா?"

 ஆகஸ்ட் பௌர்ணமிக்கு முதல் நாள் பன்னிரண்டு பேருக்குப் பாடத்தை இறக்கி வைத்து, சார்ஜ் ஏற்றி, யாருக்கும் சொல்லாமல் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் நெட் கிடைக்காது, அதனால் எல்லாம் முன்னாலேயே இறக்கியாக வேண்டும். மூன்றாம் நாள் பன்னிரண்டும் துடைத்துத் திரும்பி வந்தன. செப்டம்பரிலும் அப்படியே. ஹெச்.எம். மேடத்துக்குக்கூடத் தெரியாது. நசீமாவுக்குத் தெரியும். "வேலை போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "முபின் இருக்கான்" என்றேன்.

இந்த மாத பௌர்ணமி நேற்று முன்தினம், வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டரைக்கு மேடம் ஓடிவந்தார். "பாஷா சார், அறக்கட்டளைலருந்து கீதாஞ்சலினு ஒரு மேடம் ரெண்டு மணிக்கு வர்றாங்களாம். மெயில் நேத்தே வந்துருக்கு, நான் இப்பதான் பாத்தேன். நாப்பதும் எண்ணிப் பாப்பாங்களாம். சரியா யூஸ் பண்ணலன்னா வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்களாம். நாப்பதும் இருக்குல்ல?"

"இருக்குங்க மேடம்" என்றேன். இருந்தது இருபத்தெட்டு.

பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன், மச்சான். ஐம்பத்தாறு வயதில், உச்சி வெயிலில், கிரிவலப் பாதையில், கூட்டத்துக்கு எதிர்த் திசையில். ஜனம் முழுக்க வெறுங்காலோடு என்னை நோக்கி வருகிறது, நான் கேன்வாஸ் ஷூவோடு அதற்குள் புகுகிறேன். "இன்னா பாய், கிரிவலம் இந்தப் பக்கம்!" என்று பத்து பேராவது என்னைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். ஒரு பெரியவர், "விடுங்கப்பா, அவரு ஏதோ வேண்டுதல் போல" என்று கும்பிட்டார். வழியில் நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்து விசில் ஊதினார். பழக்கதோஷம், நானும் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதிவிட்டேன். மஃப்டி அதிகாரி என்று நினைத்தாரோ என்னவோ, சல்யூட் அடித்து எனக்கு வழி ஒதுக்கிக் கொடுத்தார்.

கடை கடையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே போனேன். சுண்டல் கடையில் பிள்ளை கொடுத்துவிட்டான், அவன் அப்பா விடவில்லை. "ரெண்டு நிமிசம் சார், பாடத்துல சோறு சிறுகுடலுக்குள்ள இப்பதான் போயிருக்குது, முடியட்டும்" என்று கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். பதினொன்று சேர்ந்தன. கடைசி மதிவதனியுடையது. அவள் அம்மாவின் எலுமிச்சை ஜூஸ் கடைக்குப் போனபோது மணி ஒன்றே முக்கால். ஸ்டூலில் ஒரு அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். மதிவதனி அவரிடம் டேப்லெட்டைக் காட்டிப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். "பாருங்க மேடம், சிறுநீரகப் படத்துல அம்புக்குறி தலைகீழா இருக்குது. எங்க புக்குல வேற மாதிரி இருக்குது. சத்தமும் கம்மி. இங்க மைக்செட் போடறாங்க, நாங்க எப்படிக் கேக்கறது? இதை செஞ்சவங்க ஒரு தடவையாவது கடைல உக்காந்து பாத்துருக்கணும்."

நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், உள்ளே வை என்று தலையை ஆட்டினேன்.

"ஏன் சார் கண்ணடிக்கறீங்க?" என்றாள் சத்தமாக.

நான் பதறிப்போய் அந்த அம்மாவைப் பார்த்து, "ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க மேடம். சென்னைலருந்து யாரோ எண்ணிப் பாக்க வர்றாங்க. அவங்க வர்றதுக்குள்ள இதைக் கொண்டுபோயி அடுக்கணும். அப்புறம் அவங்க பாட்டுக்குப் பாத்துட்டுப் போயிடுவாங்க" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த யாரோ நான்தான் சார். கார உள்ள விடல, நடந்து வரேன்."

 பையைத் தரையில் வைத்து, அதன் பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்லலாம் என்றால் பை திறந்து கிடக்கிறது, பதினொன்றும் தெரிகிறது. அப்போது என் வாயில் வந்ததை உனக்கு அப்படியே எழுதுகிறேன். "மேடம், பன்னெண்டு வெளிய குடுத்தேன். மூணு மாசமா குடுக்கறேன். ஹெச்.எம்.முக்குத் தெரியாது, பிள்ளைங்க மேல தப்பு இல்ல. ரூல் மீறினது நான். எங்கிட்டருந்து பொறுப்ப எடுத்துக்குங்க, இதுங்ககிட்டருந்து டேப்லெட்ட எடுத்துடாதீங்க."

அவர் கையை நீட்டினார். மதிவதனியின் டேப்லெட்டை வாங்கி எதையோ திறந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எந்தப் பாடம் எவ்வளவு நேரம் ஓடியது என்று அதுவே எழுதி வைக்குமாம், எனக்குத் தெரியாது. "சார், நான் இந்த வருஷம் பதினாலு ஸ்கூல் பாத்துட்டேன். எல்லா இடத்துலயும் பாடத்த அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிறுத்திடறாங்க. கடைசி வரைக்கும் ஓடியிருக்கறத இந்தப் பன்னெண்டுலதான் பாக்கறேன். சில பாடம் மூணு தடவ ஓடியிருக்கு" என்றார். பிறகு நோட்டை எடுத்து, "அந்த அம்புக்குறி எந்தப் பாடம்னு சொல்லுமா" என்றார். மதிவதனியின் அம்மா எனக்கு ஒரு டம்ளர் ஜூஸ் நீட்டினார். குடித்தேன். உப்பா சர்க்கரையா என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உனக்கு இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். நேற்று மெயில் வந்தது. இனிமேல் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று ரூலை மாற்றிவிட்டார்கள். எங்கள் பள்ளியைப் பாராட்டி, ஒன்பதாம் வகுப்புக்கு இன்னும் நாற்பது அனுப்புகிறார்கள். பொறுப்பாளர், அ. அன்வர் பாஷா. ஹெச்.எம். மேடம் எனக்கு லட்டு கொடுத்தார்.  எண்பது, மச்சான்! பிளக் பாயிண்ட் அதே இரண்டு. ஸ்டம்புகளை இனி எங்கே வைப்பேன்? நசீமாவின் தூக்கம் என்ன ஆகும்? நேற்று தொழுகையில் நின்றுகொண்டு எத்தனை ரக்அத் முடிந்தது என்பதை ஹீட்ஸ் கணக்கில் நினைத்துவிட்டேன். தவ்பா செய்தேன்.

ஆகவே தீர்மானம் பண்ணிவிட்டேன். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். உன் ஷூ கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசர் இடம் காலி என்று ரம்ஜானின்போது சொன்னாயே, அதை எனக்குப் பார்த்து வை. கேட்டில் நிற்பேன், வருகிறவனுக்கு சல்யூட் அடிப்பேன், போகிறவன் பையைப் பார்ப்பேன். சார்ஜ் ஏற்ற வேண்டிய எதையும் என் கையில் கொடுக்காமல் இருந்தால் போதும். கடிதம் கிடைத்ததும் பதில் போடு. போனில் வேண்டாம், பார்க்க மாட்டேன்.

குழந்தைக்கு என் முத்தம். சதஃபுக்கு என் துஆ, உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும். முட்டிக்கு அந்தத் தைலத்தை விடாமல் தடவு, தினமும் பத்து நிமிஷம் நட. இது பி.டி. மாஸ்டராக நான் சொல்லும் கடைசி அறிவுரையாக இருக்கலாம்.

உன் மச்சான்,
அ. அன்வர் பாஷா

பி.கு.: இன்று திங்கட்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. எனக்கு வேலை ஜாஸ்தி என்று அறக்கட்டளையே பாலாஜி என்று ஒருவரை அனுப்பியிருக்கிறது. எம்.சி.ஏ. படித்தவர். காலையில் வந்தார், எண்பது சொருகும் சார்ஜிங் பீரோ ஒன்றையும் கூடவே கொண்டு வந்தார், அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் அதில் அடுக்கிவிட்டு, "இனிமே நீங்க நிம்மதியா கேம்ஸ் பாருங்க சார்" என்றார். நான் மைதானத்துக்குப் போனேன், நிற்க முடியவில்லை, திரும்பி வந்தேன். பத்தொன்பதாம் நம்பர் டேப்லெட்டை ஒருக்களித்து வைத்தால்தான் சார்ஜ் ஏறும் என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டாம் நம்பரை பாத்திமாவுக்குத்தான் கொடுக்க வேண்டும், அதில் எழுத்து பெரிதாக வைத்திருக்கிறேன், அவளுக்குக் கண் மங்கல், அதுவும் தெரியவில்லை. வீட்டுக்குக் கொடுப்பதென்றால் இரண்டு பெற்றோர் கையெழுத்தும் ஆதார் நகலும் வேண்டுமாம். ஜூஸ் கடையில் நிற்கும் அம்மா ஆதார் நகல் எடுக்க எங்கே போவாள்? ஹெச்.எம். மேடத்திடம் போய், இந்தப் பொறுப்பை யாருக்கும் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கத்தியும் விட்டேன். ஆகவே எனக்கு வேலை பார்க்க வேண்டாம். ஆனால் அந்த செக்யூரிட்டி ஆபீசர் இடம் இன்னும் காலியாக இருந்தால் உடனே எழுது. பாலாஜி நல்ல உயரம், நல்ல படிப்பு, எதையும் பூட்டி வைப்பதில் கெட்டிக்காரர். ஆம்பூருக்கு அனுப்பி வைக்கிறேன்.